ஈ எழுத்தின் மேல் ஒரு கோடு

மரிய கொறற்றிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கொழும்பில் கம்ப்யூட்டர் பழகிவிட்டு, போர் நடந்துகொண்டிருந்த 2008இல் பலாபத்வலையில் கராம்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் கடிதம் டைப் செய்யச் சேர்ந்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை இயர்போனில் கேட்டபடி எழுதுவாள். அதை அச்செடுத்து, முதலாளி நோபர்ட்டிடம் கையொப்பம் வாங்கி, வீடு போகும் வழியில் மாத்தளையில் தபாலில் சேர்ப்பது சந்திரகாந்தாவின் வேலை. இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வருபவள், கொறற்றிக்குப் பத்து வயது மூத்தவள்.

பிரான்சில் கராம்பு வாங்கும் அம்மாளின் பெயர் எலேன். அதை ஆங்கிலத்தில் எழுதினால், இரண்டு ஈ (E) எழுத்துகளின் தலையில் சாய்ந்த கோடு வரவேண்டும். அதற்குத் தனி விசை கிடையாது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 0233 தட்டினால் ஒரு கோடு, 0232 தட்டினால் மற்றது. பெயரை முழுதாக வாசிக்கும்போது கோடு இருப்பது குரலில் தெரியாது. ஆகவே எழுத்தெழுத்தாக நகர்த்தி, "ஈ அக்கியூட்", "ஈ கிறேவ்" என்று கோட்டின் பெயரையும் கேட்ட பிறகே கொறற்றி சேமிப்பாள்.

ஒருநாள் நோபர்ட் கூப்பிட்டார். இதுவரை வந்த மூன்று கடிதங்களிலும் தன் பெயர் பிழையென்று அந்த அம்மாள் எழுதியிருந்தாராம். கண் தெரியாமல் இது சிரமம்தானே, இனிச் சந்திரகாந்தாவே டைப் பண்ணட்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டார்.

கொறற்றி சேமித்த கடிதங்களைத் திறந்து நகர்த்திப் பார்த்தாள். "ஈ." வெறும் ஈ. மூன்றிலும் அப்படியே.

அந்த மெஷினில் கைவைக்கும் இன்னொரு ஆள் சந்திரகாந்தாதான். ஏ எல் பரீட்சை முடித்த தன் தங்கச்சிக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று அவள் விசாரித்ததும் நினைவுக்கு வந்தது. அதன்பின் அவளுடைய செருப்புச் சத்தம் மேசையருகே நின்றாலே கொறற்றியின் விரல்கள் நின்றுவிடும்.

இன்னும் ஒரு கடிதத்துக்கு நோபர்ட்டிடம் அனுமதி கேட்டாள். எழுதிச் சேமித்து, இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மவுஸ் சொடுக்கும் ஒலி கேட்டது. எழுத்தை அழித்தால் எந்த எழுத்தென்று மெஷின் சொல்லும். சொல்லிற்று: "ஈ அக்கியூட்."

கொறற்றி கதவருகே வந்தாள்.

"எதுக்கு அழிக்கிறீங்க அக்கா?"

சந்திரகாந்தா கதிரையிலிருந்து எழவில்லை. முதல் கடிதத்தைக் கொண்டுபோன அன்று, வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் உறையைத் திறந்தானாம். எழுத்துக்கு மேலே என்ன கோடு, யாருக்குச் சங்கேதம் என்று ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டானாம். மறுநாள் வந்து, சேமித்ததிலும் கோட்டை அழித்துவிட்டு வேறு பிரதி எடுத்து, மறுபடி கையொப்பம் வாங்கினாளாம். மற்றவற்றில் அச்செடுக்கும் முன்பே அழித்தாளாம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க நோபர்ட் சேர்கிட்ட சொல்லுவீங்கன்னு பயந்தேன். ஆமி புடிச்சு விசாரிச்ச தோட்டத்துப் பொம்பளைய யாரு வேலைல வச்சிருப்பாங்க?"

அது உண்மையா, அந்த நேரத்துக்குக் கட்டிய கதையா என்று கொறற்றிக்குத் தெரியவில்லை. மறுபடி கோடுகளைப் போட்டு, கடிதத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, மாலையில் அவளோடு பஸ் ஏறினாள்.

சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். உறை பிரிபட்டது. மேலே இருக்கும் கோடு என்ன என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். பிறகு சந்திரகாந்தாவிடம், நீ அன்றைக்கு வந்தவள்தானே என்றான். கொறற்றி முந்திக்கொண்டாள். அது ஒரு பிரெஞ்சுக்காரியின் பெயர், அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். முகத்துக்கு முன்னால் கை அசைந்த காற்று பட்டது. அவளுக்குப் பார்வை இல்லை என்பதை அவன் நம்பக் கொஞ்ச நேரமாயிற்று. இருவர் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போகவிட்டான்.

அடுத்த மாதம் பிரான்சிலிருந்து வந்த பதிலில் பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை. டைப் வேலை கொறற்றியிடமே இருந்தது. சந்திரகாந்தாவின் பயத்தைப் பற்றி அவள் நோபர்ட்டிடம் மூச்சுவிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கடிதம் போன பிறகும், ஆளில்லாத நேரம் பார்த்து சேமித்த பிரதியைத் திறந்து, கோடு இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகக் கேட்பாள். அப்படிக் கேட்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.