பூனைமுடி நூல்

அம்மா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழாவில், எந்த மருமகள் பின்னிய சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறுவாள் என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது நடந்த யுத்தம். அம்மா ஒருத்தி, மருமகள்கள் இரண்டு பேர்.

என் மனைவி பின்னலில் புலி. தம்பி மனைவி கற்றுக்குட்டி. "அக்கா, இலையும் ஓட்டையுமா பின்னுற லேஸ் சால்வைக்கு எனக்கும் நூல் பாத்து எடுத்துக் குடுங்களேன்" என்று கடைக்குக் கூடவே வந்துவிட்டாள். பை தூக்க நான்.

என் மனைவியின் குரலில் திடீரென்று தேன் ஒழுகியது. அப்படி ஒழுகினால் யாருக்கோ கேடுகாலம் என்று அனுபவத்தில் அறிந்தவன் நான்.

"உனக்கு இதுதாம்மா சரி" என்று ஒரு கருநீல நூலை எடுத்துக் கொடுத்தாள். பூனையைச் சுருட்டி வைத்ததுபோல் முடி முடியாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. ஊசியும் தடியாக, முனை மழுங்கலாக ஒரு ஜோடி. தனக்கு மட்டும் வழுவழுப்பான வெள்ளை நூல், மெல்லிய கூர் ஊசி.

தம்பி மனைவி முன்னால் நடக்க, இவள் என் காதைக் கடித்தாள். "அந்த நூல்ல தப்புப் போட்டா பிரிக்கவே முடியாதுங்க. முடியோட முடி சிக்கிக்கும். என்னோடது இழுத்தா சரசரன்னு வந்துடும்."

சரசரவென்றுதான் வந்தது. ஓர் இலை கோணலா, பிரி. ஓட்டை கொஞ்சம் பெரிசா, பிரி. விழா நெருங்கியபோதும் அவள் சால்வை கைக்குட்டை அளவைத் தாண்டவில்லை. பிரிக்க வழியில்லாத தம்பி மனைவியோ, தப்பு விழுந்தால் "போனாப் போகுது" என்று அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். தடி ஊசியில் மளமளவென்று வளர்ந்தது.

விழாவில் அம்மா கருநீலத்தைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தப்பெல்லாம் அந்த முடிக்குள் மறைந்துபோய், பார்க்க அவ்வளவு அழகு. என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. பொறாமைதான், வேறென்ன?

எல்லோரும் சூழ்ந்துகொண்டு பாராட்டியபோது தம்பி மனைவி வெட்கப்பட்டாள். "எல்லாம் அக்காதான். நூலும் ஊசியும் அவங்கதான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தன்னோடதக்கூட முடிக்காம சின்னவளுக்கு விட்டுக் குடுத்திருக்கா பாருங்க!" என்று என் மனைவியை மேடைக்கே இழுத்துக் கட்டிக்கொண்டாள். கூடமே கைதட்டியது.

என் மனைவிக்கு ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டினார்கள்.