பதினேழாம் நம்பர் டோக்கன்

கைக்குட்டையைத் தேடி மேலங்கிப் பைக்குள் விட்ட விரலில் அந்தத் தகரத் துண்டு தட்டுப்பட்டதும் சாவியக்கா கையை அங்கேயே நிறுத்தினாள். வெளியே எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பதினேழாம் நம்பர் டோக்கன். மறதியண்ணனுடையது.

அவள் உட்கார்ந்திருந்தது கம்பெனியின் மீட்டிங் ஹாலில், மூன்றாவது வரிசையில். முன்னால் கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் பலகையில் 'தயங்காமல் பேசுவோம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். வேலையிடத்தில் எப்படிப் பேசிப் பழகுவது என்று ஒன்றரை மணி நேர வகுப்பு. எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டு, "கேள்வியெல்லாம் கடைசியிலதான். நடுவுல யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்று எச்சரித்துவிட்டுத்தான் மேனேஜர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேசக் கற்றுத்தரும் இடத்தில் பேசினால் குற்றம். நல்ல கூத்துதான் போங்கள்.

டோக்கன் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியில் இருப்பது மீனும் இறைச்சியும் வைக்கும் குளிர்க்கிடங்கு. உள்ளே மைனஸ் பதினெட்டு. உள்ளே போகிறவர் தன் டோக்கனைக் கதவோரம் உள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணிகள் எல்லாம் காலியாக இருந்தால்தான் சாவியக்கா பூட்டலாம். பூட்டிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற சட்டம்.

ஆனால் பெட்டி சுமக்கும் மறதியண்ணனுக்கு மாட்டத் தெரியும், எடுக்கத் தெரியாது. வாரத்தில் மூன்று நாளாவது அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார், டோக்கன் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மேனேஜர் கண்ணில் பட்டால் தொலைந்தது. ஆள் குள்ளம், ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? கடுகு என்றேதான் அவருக்குப் பெயர். ஒரு தடவை அத்தனை பேர் முன்னாலும் அண்ணனை நிற்க வைத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். ஐம்பது வயது மனுஷன் தலையைக் குனிந்து நின்றதைச் சாவியக்காவால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து, பூட்டும் நேரத்தில் பதினேழு தொங்கினால் சத்தமில்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். அப்புறம் அவர் அலமாரியில் வைத்துவிடுவாள். அவரிடம்கூடச் சொன்னதில்லை. தானே வைத்ததாக நினைத்துக்கொண்டு அவரும் கேட்டதில்லை.

இன்றும் வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் அப்படித்தான் கழற்றினாள். பூட்டினாள். வந்து உட்கார்ந்தாள்.

இப்போது ஹாலில் தலைகளை எண்ணிப் பார்த்தாள். அவரைக் காணோம். மறுபடி பார்த்தாள். காணவே காணோம்.

"எங்க போய்த் தொலைஞ்சாரோ இந்த மனுஷன்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கிசுகிசுத்தாள் அவர் மனைவி. பேக்கிங்கில் வேலை, சாவியக்காவுக்கு அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டே பழக்கம். "காலைல ஜாக்கெட் ஜிப் வேற அறுந்துபோச்சு. தச்சுத் தரேன்னேன், கேட்டாத்தானே."

சாவியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பூட்டி முப்பத்தைந்து நிமிஷம்.

டீக்கடையில் இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை நாளும் அப்படித்தானே. எழுந்து கத்தி, அவர் அங்கே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? ஒரு வருஷமாகக் கழற்றிவருவது வெளியே வரும். வேலை போகும். உள்ளே சிக்கியிருந்தால் மணி அடித்திருப்பாரே, உள்ளே அதற்கென்றே மணி இருக்கிறதே என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி அதுவும் போனது. அந்த மணி மூன்று வாரமாக அடிப்பதில்லை. கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். கடுகிடம் போய்ச் சொன்னால் சொன்னவன்தான் உடைத்தவன் என்று ஆகிவிடும். அதனால் யாரும் சொல்லவில்லை. அவளும்தான்.

"இப்ப ஒரு சின்னப் பயிற்சி" என்றார் பயிற்சியாளர். "பக்கத்துல இருக்கவங்க கண்ணப் பார்த்து, மனசுல இருக்கறது ஒண்ணு சொல்லுங்க."

அண்ணி சிரித்துக்கொண்டே திரும்பினாள். "சொல்லும்மா சாவி. என்ன இருக்கு மனசுல?"

அந்தக் கண்ணை அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்தாள்.

"சார்."

"உக்காரும்மா. கடைசில கேளு" என்றார் மேனேஜர்.

"கேள்வி இல்ல சார். கிடங்குக்குள்ள ஆள் இருக்கார். நான் பூட்டிட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். பின்னால் நாற்காலிகள் உருண்டன. பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்றது. மூன்றாவது முயற்சியில்தான் திறந்தாள். வெண்புகை முகத்தில் அடித்தது. கதவை ஒட்டியே, பிரித்த அட்டைப்பெட்டிகளை உடம்பில் சுற்றிக்கொண்டு மறதியண்ணன் சுருண்டு கிடந்தார். புருவமெல்லாம் வெள்ளை. கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன. இரண்டு பேர் தூக்கி வெளியே வெயிலில் உட்கார வைத்தார்கள். அண்ணி அவர் கைகளைத் தன் கழுத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் கண்ணைத் திறந்தார்.

மேனேஜருக்கும் முகத்தில் ரத்தமில்லை. அதனால்தானோ என்னவோ குரல் உயர்ந்தது. "டோக்கன் மாட்டினியா இல்லையாய்யா?"

அண்ணனின் பற்கள் தந்தியடித்தன. "ம... மறந்திருப்பேன் சார். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே."

"செத்திருப்பியேய்யா" என்றார் மேனேஜர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மறதியண்ணன்தானே, மறந்திருப்பார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது, அவருக்கே சரியாகப் பட்டது.

அண்ணி ஒரு கையை நீட்டி சாவியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் எந்திரிக்கலேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

டோக்கன் பையில்தான் இருந்தது. அலமாரியில் வைத்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவளுக்கு நன்றாகக் கைவந்த வேலையாயிற்றே.

பைக்குள் கையை விட்டு டோக்கனை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"அவர் மறக்கல சார். மாட்டிட்டுத்தான் போனார். நான்தான் கழட்டினேன். ஒரு வருஷமாவே கழட்டறேன், நீங்க திட்டுவீங்கன்னு. உள்ள அந்த மணியும் மூணு வாரமா அடிக்கல. எனக்குத் தெரியும், சொல்லல."

மேனேஜர் டோக்கனை வாங்கிக்கொண்டார். மறதியண்ணன் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் மாட்டினேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாட்டினீங்கண்ணே."

அவள் கையைப் பிடித்திருந்த அண்ணியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின.