முப்பத்தொன்பதும் நாற்பதும்

பட்டியலின் கடைசி இரண்டு வரிகளைப் பார்த்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். முப்பத்தொன்பதாம் ஆளுக்கு 41.27. நாற்பதாம் ஆளுக்கு 41.31. மற்ற முப்பத்தெட்டுப் பேரும் பன்னிரண்டு, இருபத்தெட்டு, அறுபது என்று ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடக்க, இந்த இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. அதில் முப்பத்தொன்பது அவளுடைய அப்பா. நாற்பது அம்மா.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். புள்ளியியல் படித்தவள் என்பதால் பக்கத்து நாற்காலி சீனியர் வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அங்கே மருத்துவர்கள் ஆள் பிடித்து, மார்பைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தங்கள் பாட்டுக்கு இருக்க விட்டுவிடுவார்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எத்தனை மில்லிசெகண்ட் என்று பட்டை குறித்துக்கொண்டே போகும். ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் எண். அதை 'ஆர்' என்ற கணக்கு மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டு, தூங்கும் நேரத்தை மட்டும் வெட்டியெடுத்து, அந்த இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று கணக்கிடுவது புள்ளியின் வேலை. இதயம் கடிகாரம்போல ஒரே சீராக அடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. 812, 846, 790 என்று கொஞ்சம் முன்னே பின்னே போனால்தான் அது நல்ல இதயம். இதை அவள் வீட்டில் விளக்கியபோது, "அப்ப உங்கப்பா வீட்டுக்கு வர்ற நேரம் மாதிரின்னு சொல்லு" என்றாள் அம்மா.

அறுபதைத் தாண்டிய நாற்பது பேர் வேண்டியிருந்தது. முப்பத்தெட்டோடு ஆள் வரத்து நின்றுபோக, அறிக்கைக்கான கெடுவும் நெருங்க, வேறு வழியில்லாமல் இரண்டு பட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெற்றவர்களையே பிடித்துக் கணக்கில் சேர்த்தாள். இப்போது அந்தக் கணக்குதான் முறைத்துக்கொண்டு நின்றது.

"நாப்பது வருஷம் ஒண்ணா குடும்பம் நடத்தினா இதயமும் ஒண்ணாயிடும் போல" என்றார் சீனியர், எட்டிப் பார்த்து. "இதையே தனிக் கட்டுரையா எழுதிடலாம். அதுக்கு முன்னாடி லூப்பைப் பாரு. ஒரே ஃபைல ரெண்டு தடவ படிச்சிருப்ப."

அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான். ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் அந்த லூப்பைப் பிரித்து ஒவ்வொரு வரியாக ஓட்டினாள். ஃபைல்கள் வேறு வேறுதான். பகல் முழுக்க இரண்டும் இரண்டு மனிதர்களாகத்தான் இருந்தன. பத்து மணிக்கு இரண்டிலும் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. படுக்கப் போகும் முன் குளிக்கவோ எதற்கோ இருவரும் பட்டையைக் கழற்றியிருப்பார்கள். அதற்குப் பிறகு வந்தது வம்பு. ஒன்றை நீலத்திலும் இன்னொன்றைச் சிவப்பிலும் வரைந்து, இரண்டு பட்டைகளின் கடிகாரத்துக்கும் இருந்த இரண்டு நொடி வித்தியாசத்தைச் சரிசெய்தவுடன், சிவப்பு காணாமல் போனது. ஒவ்வொரு துடிப்பாக, காலை ஐந்தரை வரை, நீலத்துக்கு அடியில் அப்படியே ஒளிந்துகொண்டது. ஒரே ஃபைலை இரண்டு முறை படித்திருந்தால் எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் இப்படி அப்படி இருந்தது. அப்படியானால் பட்டை இரண்டு, நெஞ்சு ஒன்று. யாரோ ஒருவர் இரண்டையும் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

வீட்டுக்குப் போன் செய்தாள். "அவங்கவங்க பட்டைய அவங்கவங்க போட்டுக்கிட்டோம்" என்றாள் அம்மா. அப்பாவும் போனை வாங்கி அதையே சொன்னார், கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு.

இதோடு விட்டிருந்தால் இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, முப்பத்தெட்டே போதும் என்று ஆய்வை நடத்தும் டாக்டர் மேடத்தின் காலில் விழுந்திருப்பாள். கை சும்மா இருக்கவில்லை. கணக்குப் போடுவதற்கு முன்னால், பட்டை நகர்ந்ததால் வரும் பொய்த் துடிப்புகளை ஒரு வடிகட்டி எடுத்துவிடும். அவள் எழுதியதுதான். எல்லோருக்கும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ போயிருந்தது. இந்த இருவருக்கும் ஒன்பது. பட்டை நகர்ந்திருந்தால் இரண்டு பட்டையும் ஒரே நொடியில் எப்படி நகரும்? வடிகட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒரு துடிப்பு அவசரமாக முன்னாலேயே வந்துவிடும், அதன்பின் நீளமாக ஓர் இடைவெளி. 830, 815, 480, 1150. இரவு முழுக்க அப்படியே. பகலில் இரண்டு ஃபைலிலும் அங்கங்கே ஒன்றிரண்டு இருந்ததால், யாருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. குப்பை என்று நினைத்து அவள் தள்ளிவிட்டது குப்பையே இல்லை.

மேடம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம். ஆனா பாத்துடணும். நாளைக்கு ஈசிஜி எடுக்கலாம், கூட்டிட்டு வா. யாரு இது?"

"தெரியல, மேடம்."

"உங்க வீட்டு ஆளுதானே?"

"ஆமா மேடம். எங்க அப்பா, இல்லன்னா எங்க அம்மா."

மேடம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா" என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவில் விடிகாலை மூன்று மணிக்குத் துடிப்பு வேகமெடுத்திருந்தது, யாரோ எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கிறார். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், அந்த வீட்டில் இரண்டு பேருமே மூன்று மணிக்கு எழுந்திருப்பவர்கள். அப்பாவுக்குத்தான் மாடியேறினால் மூச்சு வாங்கும். அம்மாதான் அடிக்கடி களைப்பு என்று உட்கார்ந்துவிடுவாள். மாறி மாறி யோசித்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது நிறுத்தத்தில் தன்னையே கையும் களவுமாகப் பிடித்தாள். மனசு என்னவோ கணக்குப் போடவே இல்லை, அப்பாவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. அப்பா சமாளித்துவிடுவார், அம்மா தாங்கமாட்டாள் என்று அதற்கு ஒரு காரணம் வேறு. உடம்பெல்லாம் கூசியது. சரி, அம்மாவாக இருக்கட்டும் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். அதையும் நினைக்க முடியவில்லை.

அப்பா கூடத்தில் மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதையாவது பிரிக்காமல் அவருக்குப் பொழுது போகாது. அம்மா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, முகமே சரியில்ல" என்றாள் அம்மா.

"ராத்திரி ரெண்டு பட்டையையும் ஒரே ஆள் போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல தெரியுது. யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

"நாங்க எதுக்கு அப்படிப் போடப்போறோம்?" என்றார் அப்பா, விசிறியிலிருந்து தலையைத் தூக்காமல். அம்மா துண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடிப்பதில் மும்முரமானாள்.

"அந்த ஆளோட இதயம் நடுநடுவுல தப்பி அடிக்குதுப்பா. டாக்டர் பாக்கணும்னு சொல்றாங்க."

அம்மா மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நான்தான்" என்றார். "உங்கம்மாவுக்கு இறுக்கமா இருந்தா தூக்கம் வராது. கழட்டி வெச்சுட்டா. உன் வேல கெட்டுப்போயிடுமேன்னு நானே ரெண்டையும் மாட்டிக்கிட்டேன்."

"வாய் கூசாம பொய் சொல்றாரு பாரு" என்றாள் அம்மா. "அரிக்குதுன்னு கழட்டிப் போட்டதே இவரு. நான்தான் எடுத்து மாட்டிக்கிட்டேன். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு."

"நீ எங்க மாட்டின?"

"நீங்கதான் படுத்ததும் தூங்கிட்டீங்களே. உங்களுக்கென்ன தெரியும்?"

"அவ சொல்றத நம்பாதம்மா. அவளுக்கு ஒண்ணுமில்ல."

"இவருக்குத்தான் ஒண்ணுமில்ல."

மத்தியானம் இருவரும் நானில்லை என்றார்கள். இப்போது இருவரும் நான்தான் என்கிறார்கள். ரிமோட்டுக்கும் ஜன்னலோர இருக்கைக்கும் இவர்கள் சண்டை போட்டு அவள் பார்த்திருக்கிறாள். இதற்குப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளைக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் நாளை வரைக்கும் அவளால் பொறுக்க முடியாது.

"நம்பலன்னா புடிச்சுப் பாரு" என்று அப்பா விசிறி எண்ணெய் படிந்த கையை நீட்டினார். அம்மா மடியிலிருந்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கையையும் நீட்டினாள், அவருடையதற்குக் கொஞ்சம் முன்னால்.

அவள் தரையில் உட்கார்ந்து, இடது கையில் அப்பாவின் மணிக்கட்டையும் வலது கையில் அம்மாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். லட்சக்கணக்கான துடிப்புகளை எண்ணாகப் பார்த்தவள், விரலில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தேடிப் பிடிக்க நேரமாயிற்று. அப்பாவுடையது தடித்து, மெதுவாக வந்தது. அம்மாவுடையது மெலிதாக, நழுவி நழுவி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சேர்த்து எண்ணப் பார்த்தாள். பதினேழோ பதினெட்டோ வந்தபோது ஒன்று வரவில்லை. எந்தக் கையில் என்று அவள் பிடிப்பதற்குள் இரண்டிலும் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றாள்.

அவர்கள் இருவரும் பேசவே இல்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, அவள் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.