சிங்காரவேலு ஒரு தடவைதான் மாடி ஏறுவார்

1

இந்தக் கதை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிறந்தது என்று தொடங்கினால் எடுப்பாக இருக்கும். பொய். ஒரு பொறியியல் கல்லூரி ஆபீஸின் பதிவேட்டைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலில் பிறந்தது.

2

வெற்றிச்செல்வியின் நெற்றியில் வெயில் [வெயிலை வெட்டிவிட்டேன். இந்த ஊரில் அது செய்தியே இல்லை.]

தா.பழூர்க்காரி வெற்றிச்செல்வி ஆறு வருஷமாக ஆராய்வது, பெட்டிக்குப் பெட்டி தரவு ஓடும் கணினி வலைகளை. ஒரே தரவைக் கொடுத்தாலும் இன்று ஒரு விடை, நாளை வேறு விடை வரும். அப்படிப்பட்ட பெட்டிக்கு என்னதான் பொருள்? உள்ளே போனது, வெளியே வந்தது, அந்தப் பட்டியல்தான் பொருள் என்பது கைடு ராசாங்கத்தின் கட்சி. பட்டியல் ஒன்றாக இருந்தாலும் பெட்டிகள் வேறாக இருக்கலாம், வந்த விடையைத் திரும்ப உள்ளே விட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும் என்பது அவள் கட்சி. அவள் போட்டுக் காட்டிய கணக்கை அவர் படிக்கவே இல்லை.

(ராசாங்கத்தை மூன்று முறை நல்லவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். மாடியில் இருக்கும் ராசாங்கத்தின் கையெழுத்துக்கு ஆபீஸ் வழியாக இரண்டு பிரதி விண்ணப்பம்தான் அனுப்பலாம், மூன்றாவதற்கு விதியில்லை. கீழே பியூன் முத்தாயி அக்கா இருந்தால் முதல் பிரதியை உடனே கொண்டுபோவார். தப்பிருந்தால் அதைச் சொல்லி மேலேயிருந்து சீட்டு வரும், இரண்டாவதைத் திருத்திக் கொடுக்கலாம். யார் இருப்பார்கள் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

அன்று சிங்காரவேலு.

"ஒண்ண மட்டும் இப்பக் கொண்டுபோங்கண்ணே."

"ஒத்தக் காயிதத்துக்கு எவம்மா மாடி ஏறுவான்? ரெண்டையும் குடு."

இரண்டும் ஒன்றாகப் போயின, கையெழுத்தில்லாமல் ஒன்றாகத் திரும்பின. ராசாங்கத்தின் பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போயிருந்தது, இரண்டிலும்.

அவளே மாடி ஏறினாள்.

"முத்தாயி அக்கா இருந்திருந்தா, திரும்பி வந்த சீட்டப் பாத்து ரெண்டாவதத் திருத்தியிருப்பேன் சார். நான் ஆறு வருசமாச் சொல்றது இதைத்தான்."

ராசாங்கம் பதிவேட்டை விரித்தார். முத்தாயி இருந்த நாளிலும் பெற்றது இரண்டு, அனுப்பியது இரண்டு. சிங்காரவேலு நாளிலும் அதேதான்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா," என்றார். எழுதும்போதே எனக்கு மறுபடி எரிச்சல் வருகிறது.

4

முடிவு: ராசாங்கம் மனம் மாறி [இவரா? அடித்துவிட்டேன்.]

ஆகவே கதையையே இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்றில் கீழே முத்தாயி அக்கா; வெற்றிச்செல்வி முனைவராகிறாள். மற்றதில் சிங்காரவேலு; அவள் ஆறு வருஷத்தை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் அழுகிறாள். இரண்டிலும் மாடிக்குப் போனது இரண்டு தாள், திரும்பி வந்தது இரண்டு தாள்.

இரண்டும் ஒரே கதைதான் என்பவர்கள் கீழே கையெழுத்திடலாம். பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட மறக்க வேண்டாம்.

........................................