லேப்டாப்புக்குச் சந்தனம், காதுக்கும் சந்தனம்

என் அப்பா கண்ணையன் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். ஆயுத பூஜை வந்துவிட்டால் போதும், டெம்போவோடு நிறுத்தமாட்டார். மிக்ஸி, தண்ணி மோட்டார், டிவி ரிமோட், நகவெட்டி வரைக்கும் பொட்டு வைத்தாக வேண்டும். "ஒன்ன வுட்டுட்டா அது கோவிச்சிக்கும்" என்பார். எங்கள் மூலக்குளம் வீட்டில் நகவெட்டி கோபித்துக்கொண்டு என்ன செய்யும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலை பதினொன்றரைக்கு எனக்கு இன்டர்வியூ. பிரான்ஸ் கம்பெனி. வீட்டிலிருந்தே பிரெஞ்சில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை. மூன்று வருஷம் சாயங்கால வகுப்பில் பிரெஞ்சு படித்ததே இதற்காகத்தான். கிடைத்தால் சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் நைட் ஷிப்டு நின்று டப்பா எண்ணும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் சோப்பு வாசனைதான். அதை நினைத்தாலே அழுகை வரும் எனக்கு.

டைப்பிங் டெஸ்ட்டும் உண்டு, லேப்டாப்பில்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் லேப்டாப்போ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்பீக்கரும் மைக்கும் எப்போதோ போய்விட்டன. ஹெட்போன் ஓட்டைக்குள் யாரோ ஒடித்துவிட்ட வயர் முனை இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சண்டே மார்க்கெட்டில் வயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கினேன். பூஜைக்கு முந்தின நாள் லேப்டாப்பிலும் போனிலும் போட்டுப் பார்த்தேன், ஜோராகப் பாடியது. பிறகு பெட்டியோடு சாமி முன்னால் வைத்துவிட்டேன். மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

மறுநாள் காலை மறுபூஜைக் கற்பூரம் அணைந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆன் செய்தேன். இயர்பட்ஸ் பெட்டியைத் திறந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் தேடியது. தேடியது. பக்கத்து வீட்டு சக்கரபாணி அண்ணன் டிவி கிடைத்தது, எதிர்வீட்டு ஸ்பீக்கர் கிடைத்தது. கையிலிருந்த இயர்பட்ஸ் மட்டும் கிடைக்கவில்லை.

தம்பி இனியவன் வந்து பார்த்தான். "இது டைனோசர் காலத்து லேப்டாப்பு, அக்கா. புளூடூத்துக்கு வயசாயிடுச்சி."

"முந்தாநாள்கூட சேந்துச்சேடா!"

"வயசானவங்க அப்டித்தான். ஒரு நாள் நல்லாருப்பாங்க."

புளூடூத்தை அணைத்துப் போட்டோம். லேப்டாப்பையே அணைத்துப் போட்டோம். அது எழுந்து வருவதற்குள் ஒரு இட்லி ஈடு எடுத்துவிடலாம். மணி பதினொன்று. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. லேப்டாப்பை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இயர்பட்ஸைப் பிடுங்கிப் பாயில் எறிந்தேன்.

ஒன்று குப்புற விழுந்தது. அடியில், சார்ஜ் ஏறும் இரண்டு செப்புப் புள்ளிகள்மேலும் காய்ந்த சந்தனம். அதன்மேல் அழகாகக் குங்குமம். இன்னொன்றிலும் அப்படியே.

"அப்பா!"

அப்பா நிதானமாக வந்தார். "பொட்டு வைக்கறதுக்குன்னே ரெண்டு எடம் வுட்டு வச்சிருக்காம்மா கம்பெனிக்காரன். நல்ல மனுசன்."

சந்தனம் மறைத்ததால் பெட்டிக்குத்தான் சார்ஜ், உள்ளே இருந்த இரண்டும் இரவெல்லாம் விழித்திருந்து பட்டினி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாவம் லேப்டாப், அத்தனை திட்டும் வாங்கியது. இனியவன் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினான். கால் மணி நேரம் சார்ஜ் போட்டோம். லேப்டாப் தேடியது, உடனே கிடைத்தது. காதில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டதும் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு இன்டர்வியூ எடுக்கும் மதாம் எலோடி திரையில் வந்தார். வணக்கம் சொன்னார், தெளிவாகக் கேட்டது. பிறகு பிரெஞ்சில் கேட்டார்: "நீங்கள் எங்கே? எனக்கு ஏதோ மஞ்சளும் சிவப்பும்தான் தெரிகிறது."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். திரைக்கு மேலே, நட்டநடுவில், கேமராமேல், அவசரத்தில் நான் கவனிக்காத ஒரு பெரிய பொட்டு.

மனப்பாடம் செய்து வைத்திருந்த சுய அறிமுகம் அத்தனையும் பறந்துபோனது. தாவணித் தலைப்பால் துடைத்துக்கொண்டே, வாய் தன் பாட்டுக்குப் பேசியது. ஆயுத பூஜை என்றால் என்ன, சந்தனம் ஏன், நகவெட்டிக்கு ஏன், இயர்பட்ஸ் ஏன் பட்டினி கிடந்தது, எல்லாம் பிரெஞ்சில். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், மாலை போட்ட டெம்போவையும் காட்டினேன். டெம்போ பக்கத்தில் நின்ற அப்பா குனிந்து, "போன்ழூர் மதாம்!" என்றார்.

மதாம் எலோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எரிச்சலில் இருக்கும் வாடிக்கையாளரிடம் இப்படித்தான் பேச வேண்டும் என்றார். டைப்பிங்கிலும் தேறிவிட்டேன். திங்கட்கிழமை மேலாளரோடு கடைசிச் சுற்று.

"பாத்தியா? பொட்டு வேல செஞ்சிடுச்சி" என்றார் அப்பா. அதுவும் ஒரு வகையில் உண்மைதான், அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை காலை சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். நான் சண்டை போடவில்லை. இயர்பட்ஸைக் காதில் மாட்டிக்கொண்டேன், கேமராவைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டேன், லேப்டாப்பின் முதுகைத் திருப்பிக் காட்டினேன்.

"ம், வைப்பா. பெருசாவே வை."