கூப்பிடாத வீடு

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று சொல்லித்தான் பத்மாசினியை எனக்குக் கட்டிவைத்தார்கள். முப்பது வருடம் அப்படித்தான் இருந்தாள். வந்தவர்கள் விளக்கு வைக்கும் நேரம்வரை இருந்து அறுத்தாலும் அவள் சிரித்த முகம் மாறாது. ஐம்பத்தைந்து தாண்டியதும் பல் முளைத்துவிட்டது. கலியாணத் தரகர் அருளம்பலம் ஊர்வம்பு அளந்துகொண்டிருந்தபோது, கோப்பி முடிந்துவிட்டதுதானே, எழும்புங்கோ, எனக்குப் படுக்கவேண்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் வெட்கத்தில் படலைவரை அவர் பின்னால் போனேன். கோயில் ஐயரிடம் பொங்கலில் உப்பில்லை என்றாள். ஏனடியப்பா இப்படி என்று கேட்டால், "சுத்தி வளைச்சுக் கதைக்க இனி எனக்கு நேரமில்லை" என்பாள். ஏதோ கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழைய பொறுமை பழுதாகாமல் இருந்தது. நல்லூரில் இருக்கும் அவளுடைய தங்கை இராசமலர், தன் மகளின் கலியாணத்துக்கு நேரே வந்து சொல்லாமல், எங்கள் தெல்லிப்பழைப் பக்கம் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். வீடு தேடி வந்து சொல்லாத கலியாணத்துக்கு எங்கள் பக்கத்தில் யார் போவார்கள்? நாங்கள் போகவில்லை. பிறகு எங்கள் மகனின் கலியாணத்துக்கு நாங்களும் சொல்லவில்லை. அதோடு நன்மை தின்மைக்குப் போக்குவரத்து நின்றது. சண்டை என்று ஒரு சொல் கிடையாது. கோயில் வீதியில் கண்டால் சுகமோ, ஓம் சுகம், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் இரண்டு பேரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே பிரிந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இவள் கிணற்றடியில் நின்று அழுவாள். நான் காணாத மாதிரிப் போய்விடுவேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு, இரண்டு பேரோடும் படித்த சிவக்கொழுந்து செத்துப்போனாள். சாவீட்டுக்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை; கேள்விப்பட்டால் போகவேண்டியதுதான். அங்கே பெண்கள் கட்டிப்பிடித்து அழுத இடத்தில், பத்மாசினியும் இராசமலரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுவதை முற்றத்தில் நின்று பார்த்தேன். அது சிவக்கொழுந்துக்காக மட்டும் வந்த அழுகை இல்லை. பிரேதம் எடுத்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சாவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமும் இல்லையே.

அடுத்த நாள் காலை இவள் நல்ல சீலை உடுத்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு, நல்லூருக்கு வெளிக்கிடுங்கோ என்றாள். பிழை விட்டவள் அவள், இளையவளும் அவள், அவளல்லவா முதலில் வரவேண்டும், கூப்பிடாத வீட்டுக்குப் போய் நின்றால் என்ன மரியாதை என்று நான் நியாயம் அடுக்கினேன்.

"அப்ப நீங்கள் மரியாதையோடை வீட்டிலை இருங்கோ" என்றுவிட்டுப் படலையைத் திறந்தாள். நான் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவளோடு பஸ் ஏறினேன்.

எங்களைக் கண்டதும் இராசமலர் திகைத்து நின்றாள். பிறகு அந்தக் கோயில் வீதிச் சிரிப்பை முகத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாங்கோ, இருங்கோ, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்குக் காது சுட்டது. பத்மாசினி கதிரையில் இருக்கவில்லை. பையைத் தங்கையின் கையில் திணித்தாள்.

"கலியாணத்துக்குச் சொன்னால்தான் வரலாம். செத்தால் சொல்லாமல் வரலாம். நீ சாகுமட்டும், இல்லாட்டி நான் சாகுமட்டும் பாத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை, மலர். அதுதான் இண்டைக்கே வந்திட்டன்."

இராசமலரின் சிரிப்பு உடைந்தது. பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"நான்தான் அக்கா அண்டைக்கு நேரை வந்து சொல்லியிருக்கவேணும்."

"ஓம், நீதான். அதை விடு. எனக்குப் பசிக்குது."

இராசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நீங்கள் சாப்பிட்டீர்களா, அத்தான் என்று கேட்டாள். பட்டினி கிடந்தாலும் சாப்பிடவில்லை என்று சொல்லாத பரம்பரை எங்களுடையது. இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன்.

இரண்டு பேரும் குசினிக்குள் போனார்கள். புட்டுப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இவளுடைய குரல், முற்றம்வரை கேட்கும்படி:

"உவர் பொய் சொல்லுறார். அவருக்கும் போடு."