பூசையில் இருந்த டேட்டாபேஸ்

சரஸ்வதி பூசையன்று யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்ற துணிச்சலில் விதுர்ஷா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்துத்தான் பெரியகல்லாற்றிலிருந்து புஸ்பம் மாமியின் போன் வந்தது. சேர்வர் எழும்பமாட்டேன் என்கிறதாம். நண்டுக் கூடைகளில் ஒட்டும் லேபல் ஒன்றுகூட வரவில்லையாம்.

புஸ்பம் மாமி அங்கே பெண்கள் நண்டுச் சங்கத்தின் தலைவி. வாவியில் பிடிக்கிற நண்டு அந்தச் சங்கத்துக்கு வந்துதான் கொழும்புக்கு லொறி ஏறும். எந்தக் கூடை யாருடைய தோணியில் வந்தது, வாவியின் எந்தப் பக்கம் பிடித்தது என்று அச்சடித்த லேபல் இல்லாவிட்டால் வாங்குகிற கொம்பனி தொட்டும் பார்க்காது. அந்த லேபலுக்கான சேர்வர் கொம்பியூட்டரை அமைத்துக் கொடுத்தவள் விதுர்ஷா. கொழும்பு வேலையை விட்டுவிட்டு நாவற்குடாவுக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கியவளுக்குச் சங்கம்தான் முதல் வாடிக்கை, கடைசி வாடிக்கையும் அதுதான். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். அந்த மாதம் இன்றோடு முடிகிறது. சங்கம் வேண்டாம் என்றால் திரும்பக் கொழும்புக்குப் போவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். எந்த நேரத்தில் அந்த வாய் அப்படிச் சொன்னதோ.

எண்ணெய்த் தலையோடே கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினாள்.

சங்கத்தில் பெண்கள் சேர்வரைச் சுற்றி நின்றார்கள். அதன் நெற்றியில், அதாவது நெற்றி என்று அவர்கள் தீர்மானித்த இடத்தில், சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. வெளியே கூடைகளில் நண்டுகள் கரகரவென்று ஊர்ந்தன. ஓட்டமாவடி லொறிக்காரர் ஜிப்ரி நானா மணிக்கூட்டைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வழியில் இன்னும் இரண்டு இடத்தில் ஏற்ற வேண்டும், கனநேரம் நிற்க ஏலாது என்று பணிவாகத்தான் சொன்னார். பணிவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

இன்றைக்கு மட்டும் கையால் எழுதி ஒட்டினால் கொம்பனி ஒத்துக்கொள்ளாதா என்று விதுர்ஷா அவரிடம் கேட்டாள். அவர் கொம்பனியைக் கேட்க முதலே புஸ்பம் மாமி கையை விரித்தார். பேனைகள் எல்லாம் பூசையில் இருக்கின்றனவாம். இன்றைக்கு எழுதவும் கூடாதாம்.

“அப்ப இதுல தட்டலாமா மாமி?”

“தட்டலாம். எழுதத்தான் படாது.”

இந்தத் தீர்ப்பை யார் எந்தச் சபையில் கொடுத்தார்கள் என்று விசாரிக்க நேரமில்லை. விதுர்ஷா தட்டினாள். மெஷின் நன்றாகவே ஓடியது. உள்ளே கணக்குவழக்கெல்லாம் காக்கிற டேட்டாபேஸ்தான் எழும்ப மறுத்தது. எழுப்பினாள், விழுந்தது. மறுபடி எழுப்பினாள், மறுபடி விழுந்தது. இடம் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தாள். காலையில் பெண்கள் பூசைக்குத் துடைக்க நிறுத்தியபோது ஏதும் உடைந்ததோ என்று பார்த்தாள். கோப்புகளைத் திறக்க அனுமதி இருக்கிறதோ என்று பார்த்தாள். பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள்: அது என்ன சொல்லி விழுகிறது என்று பதிவைத் திறந்து வாசித்தாள்.

டேட்டா இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்றது பதிவு.

மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். வயர் செருகுகிற துவாரம் வெறுமையாக இருந்தது. போன கிழமை உள்ளிருந்த டிஸ்க் கரகரக்கத் தொடங்கியதால், கொழும்பிலிருந்து புதியது வரும்வரை எல்லாவற்றையும் ஒரு சின்ன வெளி டிஸ்க்குக்கு மாற்றியிருந்தாள். மாற்றிவிட்டுச் சும்மா இருந்தாளா? சங்கத்தின் உயிரே இந்தச் சின்னப் பெட்டிக்குள்தான், பத்திரம் என்று எல்லாருக்கும் பிரசங்கம் வேறு வைத்தாள்.

“மாமி, இதில இருந்த சின்னப் பெட்டி எங்க?”

“பூசையில.” மாமி கண்ணைக்கூட இமைக்கவில்லை. “பெரிய பெட்டி வேலை செய்யோணும், அதைத் தூக்கி வைக்க ஏலாது. இது சும்மாதானே கிடந்த. உயிர் இதுக்குள்ளதான் எண்டு நீதானே சொன்னாய்?”

குற்றம் சொல்ல ஆளில்லாமல் போனது விதுர்ஷாவுக்கு. அடுத்த அறையில் சரஸ்வதி படத்தின் முன்னால் பாடப் புத்தகங்கள், வலை பின்னும் ஊசிகள், பேனைகள், இவற்றின் நடுவே, இருப்பதிலேயே நல்ல இடத்தில், செவ்வரத்தம் பூக்களுக்குள் கழுத்துவரை புதைந்து வீற்றிருந்தது அவளுடைய ஹாட் டிஸ்க். வாலாக அதன் வயர்.

பூசைக்கு வைத்ததை நாளை விடியத்தான் எடுக்கலாம். அது அவளுக்கும் தெரியும். அவள் வீட்டிலும் அப்படித்தான். கொஞ்ச நேரம், ஒரேயொரு லொறிக்கு மட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். எடுக்கப்படாது மகள் என்று மாமி தலையாட்டினார். அவர் முகத்திலும் கவலைதான். நண்டு அவருடையதும்தானே. ஜிப்ரி நானாவோ இது தான் பேசுகிற விசயமில்லை என்று மரியாதையாக வாசலுக்குப் போய்விட்டார். விதுர்ஷாவுக்கு அழுகை வந்தது. கொழும்பு பஸ்ஸின் யன்னல் சீட்டுக்கூடக் கண்ணில் தெரிந்தது. எடுக்கப்படாது, எடுக்கப்படாது என்று தனக்குள்ளே முணுமுணுத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“எடுக்கத்தானே படாது மாமி. தொடலாமா?”

மாமி யோசித்தார். “பூ வைக்கக்குள்ள நாங்களும் தொடுறதானே.”

“அப்ப அது அங்கேயே இருக்கட்டும். இதை அங்க கொண்டு போவம்.”

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நாலு பெண்கள் சாமி தூக்குவதுபோல் சேர்வரைத் தூக்கினார்கள். பின்னால் ஒருத்தி திரையோடு, இன்னொருத்தி பிரிண்டரோடு. பூசை அறையில் இருந்த ஒரே பிளக்கில் மின்னுகிற கலர் பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன. குத்துவிளக்கு இருக்கிறதே, அம்மாளுக்கு அது போதும் என்று மாமியே அவற்றைக் கழற்றினார். விதுர்ஷா முழங்காலில் நின்று, பூக்களை விலக்கி, பெட்டி ஒரு நூல்கூட அசையாமல் வயரின் மறுமுனையைச் சேர்வரில் செருகினாள். டிஸ்க்கின் சின்ன நீல வெளிச்சம் செவ்வரத்தம் பூவுக்குள்ளிருந்து கண்ணைச் சிமிட்டியது. அவள் தட்டினாள். டேட்டாபேஸ் எழும்பியது. இந்த முறை விழவில்லை.

பிரிண்டர் கிறீச்சிட்டு முதல் லேபலைத் துப்பியபோது பெண்கள் குரவை போட்டார்கள். இருந்த சந்தோசத்தில் விதுர்ஷாவும் சேர்ந்து போட்டாள். லேபலில் எல்லாம் மாமியின் விரல் குங்குமம் ஒட்டியது. ஜிப்ரி நானா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசிக் கூடையையும் ஏற்றினார்.

லொறி போனதும் அவல் கடலை வந்தது. விதுர்ஷாவுக்கு இறங்கவில்லை. மாதம் முடிந்துவிட்டது; இவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள்? வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. சாமான்களைப் பைக்குள் அடுக்கி, போய்வருகிறேன் என்று எழும்பினாள். மாமி அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி வாங்கினார். நேரே பூசை அறைக்குப் போய், ஹாட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்து, குங்குமம் இட்டு, ஒரு பூவும் வைத்தார்.

“மாமி, அதுக்குள்ள என்ட லப்டொப், சாமான் எல்லாம் இருக்கு.”

“தெரியும். தொழில் சாமான் எண்டா இண்டைக்கு இங்கதான் இருக்கோணும். சங்கத்துட சாமான் எல்லாம் ஒண்டாத்தான் வைக்கிற.”

ஸ்கூட்டியில் ஏறும்போது அப்பாவின் போன் வந்தது. என்ன முடிவு, கொழும்புக்குச் சீட்டுப் போடவா என்று கேட்டார்.

“ஏலாதப்பா,” என்றாள் விதுர்ஷா. “என்ட பை பூசையில இருக்கு.”